பழைய காரின் பின் அக்சிலுக்கு எந்த பேரிங்? கொழும்பில் வாங்கிப் பூட்டுவோருக்கான ஒப்பீடு

பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடையொன்றில் தேய்ந்த பேரிங்கை மேசையில் வைத்தால் இரண்டு ஆலோசனைகள் உடனே கிடைக்கும். "டேப்பர் போடுங்க, இதைவிடப் பலம்" என்பது ஒன்று; கூம்பு வடிவ ரோலர்கள் கொண்ட பேரிங்கைத்தான் அப்படிச் சொல்வார்கள். "ரெண்டு பக்கமும் சீல் உள்ளதைப் போட்டால் பிறகு திரும்பிப் பார்க்கத் தேவையில்லை" என்பது மற்றது. முதலாவது பல பழைய கார்களில் ஆபத்தானது. இரண்டாவது சில அக்சில்களுக்கு நன்றாகப் பொருந்தும், சிலவற்றுக்குப் பொருந்தாது. எது எதற்கு என்பது பேரிங்கின் பலத்தைப் பொறுத்ததில்லை. அக்சில் எப்படி வடிவமைக்கப்பட்டது, வளைவில் திரும்பும்போது சில்லின் மேல் வரும் பக்கத் தள்ளலை அதில் எந்தப் பாகம் தாங்குகிறது என்பதைப் பொறுத்தது.

பலம் ஏன் முக்கியமில்லை என்பதற்குக் கணக்கே சாட்சி. 6207 என்ற சாதாரண போல் பேரிங்கை (குண்டுகள் உருளும் வகை) எடுத்துக்கொள்வோம்: உள்விட்டம் 35, வெளிவிட்டம் 72, அகலம் 17 மில்லிமீற்றர். அதன் இயங்குசுமைத் திறன் ஏறத்தாழ 25 கிலோநியூட்டன். நான்கு பேர் ஏறிய சிறிய காரொன்றில் பின்சில்லு ஒன்றின் மீது வரும் பாரம் சுமார் 250 கிலோ, அதாவது 2.5 கிலோநியூட்டன். திறனைப் பாரத்தால் வகுத்தால் 10. போல் பேரிங்கின் ஆயுளுக்கு அதன் கனத்தை (10 × 10 × 10) எடுக்க வேண்டும்: 1000 மில்லியன் சுற்று. சில்லின் சுற்றளவு 1.9 மீற்றர் என்றால் ஒரு கிலோமீற்றருக்கு ஏறக்குறைய 530 சுற்று. ஆக 18 இலட்சம் கிலோமீற்றருக்கு மேல் வருகிறது. குழியும் வளைவும் சேர்ந்து பாரத்தை இரட்டிப்பாக்கினாலும் 2 இலட்சத்து 30 ஆயிரத்துக்குக் குறையாது. பத்தில் ஒன்பது பேரிங்குகள் இந்த எல்லையைத் தாண்டும் என்பதே அந்தக் கணக்கின் பொருள். வாரக் கடைசியில் மட்டும் கராஜை விட்டு வெளியே வரும் கார் அந்தத் தூரத்தை எந்தக் காலத்தில் ஓடப்போகிறது?

இந்தக் கார்களின் பேரிங் களைத்துச் சாவது அரிது. தண்ணீர் புகுவது, கிறீஸ் கெட்டிப்படுவது, வளையம் தன் இருக்கையில் வழுக்கிச் சுழல்வது, பூட்டும்போது சுத்தியலால் அடிப்பது, இவைதான் அதைக் கொல்கின்றன. டேப்பர் போட்டால் இவற்றில் ஒன்றும் தீராது.

முதலில் அக்சில் எந்த வகை என்று பாருங்கள்

காரின் பெயரைச் சொல்லி பேரிங் வாங்குவதுதான் தவறின் தொடக்கம். எம்ஜிபி என்ற பிரித்தானிய ஸ்போர்ட்ஸ் கார் ஒரே பெயரில் இரண்டு அக்சில்களோடு வந்தது. ஆரம்பத் திறந்த கார்களின் பான்ஜோ அக்சில் முக்கால் மிதவை வகை (மிதவை வகைகள் எவை என்பது அடுத்த பந்திகளில் வரும்). 1965இல் வந்த கூரையுள்ள ஜிடியிலும், 1967 முதல் திறந்த காரிலும் பூட்டப்பட்ட குழாய் அக்சில் அரை மிதவை வகை. மொரிஸ் மைனரிலும் ஆரம்பகால சைட்வால்வ் காரின் அக்சிலும், பின்னர் வந்த பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கோர்ப்பரேஷன்) ஏ வகை அக்சிலும் வேறு வேறு. போதாக்குறைக்கு, இங்கே ஐம்பது, அறுபது வருடம் ஓடிய கார்களில் அக்சிலே மாற்றப்பட்டிருக்கலாம். பதிவுப் புத்தகத்தில் அது இருக்காது.

பிரேக் ட்ரம்மைக் கழற்றினால் வகை தெரிந்துவிடும். சிறிய திருகுகளைக் கழற்றியதும் அக்சில் தண்டு அதன் விளிம்போடு கையாலேயே வெளியே வந்து, உள்ளே அக்சில் கூட்டின் முனையில் பெரிய நட் ஒன்றும் ஹப்பில் (சில்லு பூட்டப்படும் நடுப்பாகம்) ஒரேயொரு பேரிங்கும் தெரிந்தால் அது முக்கால் மிதவை. காரின் பாரம் கூட்டின் மேல் உள்ள பேரிங் வழியாகப் போகும். திரும்பும்போது சில்லு சாய முயல்வதைத் தண்டின் விளிம்பு தடுக்கும். அதே அமைப்பில் ஹப்பினுள் இரண்டு பேரிங் இருந்தால் முழு மிதவை. பெரும்பாலான பழைய லேண்ட் ரோவர்களும் லொறிகளும் இந்த வகைதான். அங்கே தண்டுக்குச் சுழற்றும் வேலை மட்டுமே.

தண்டின் மேலேயே பேரிங் ஏறியிருந்து, பாரமும் சாய்வும் சுழற்றலும் எல்லாம் தண்டின் தலையில் விழுந்தால் அது அரை மிதவை. ஃபோர்ட் ஆங்கிலியா 105இ, முதல் எஸ்கோர்ட், ஜாகுவார் மார்க் 2 எல்லாம் இதில் அடங்கும். நடுவில் பெரிய நட்டும் பிளவு ஊசியும் இருந்தாலே அரை மிதவை என்று முடிவுகட்டிவிடக் கூடாது. 1928 முதல் 1931 வரை வந்த ஃபோர்ட் மொடல் ஏ காரில் நடு நட் உண்டு. ஆனால் அதன் ஹப் கூட்டின் மேல் ரோலர்களில் ஓடுகிறது.

இந்த வகைப் பிரிப்பினால் கையில் கிடைக்கும் நேரடிப் பயன் ஒன்று இருக்கிறது: எந்த வளையம் இறுக்கமாக இருக்க வேண்டும் என்பது தெரியவரும். முக்கால், முழு மிதவைகளில் சுழல்வது ஹப். ஆகவே வெளிவளையம் ஹப்பில் இறுக்கமாகவும், உள்வளையம் கூட்டின் மேல் கையால் தள்ளினால் ஏறும் அளவிலும் இருக்கும். அரை மிதவையில் சுழல்வது தண்டு. உள்வளையம் பிரெஸ்ஸில்தான் ஏற வேண்டும், வெளிவளையம் கூட்டில் இலேசாக உட்காரலாம். லேத் பாஸிடம் தேய்ந்த இருக்கையைச் சரிசெய்யக் கொடுக்கும்போது இதைச் சொல்லாவிட்டால், அவர் தன் வழக்கப்படி இரண்டையும் இறுக்கிவிடுவார். இரண்டு வளையமும் இறுகினால் உள் இடைவெளி இல்லாமற்போய் பேரிங் சூடேறும்.

முக்கால் மிதவைக்கு நான்கு தெரிவுகள்

இலங்கையில் பெரும்பாலானோருக்கு இந்தப் பகுதிதான் தேவைப்படும், மைனரும் அதன் பிஎம்சி உறவினர்களும் இங்கே அவ்வளவு ஓடுகின்றன.

மூல வடிவமைப்பில் இருப்பது திறந்த போல் பேரிங். டிபரென்சலிலிருந்து அக்சில் குழாய் வழியாக வரும் ஒயில் அதை நனைக்கிறது, ஹப்பின் உட்புறத்து ஒயில் சீல் அந்த ஒயிலை பிரேக்குக்குப் போகாமல் தடுக்கிறது. அடிக்கடி ஓடும் காருக்கு இது நல்ல ஏற்பாடு, ஒயில் மாற்றும்போதே பேரிங்கின் உணவும் மாறிவிடும். மாதக்கணக்கில் நிற்கும் காரில் ஒயில் கீழே வடிந்து பேரிங்கின் மேற்பாதி காய்ந்துவிடுகிறது. வெள்ளவத்தை, தெஹிவளைக் கடற்கரை ஒழுங்கைகளில் நிறுத்தும் கார்களில் அந்தக் காய்ந்த பாதியில் துருப்புள்ளிகள் விழும். பிறகு காரை எடுத்தால் 40 கிலோமீற்றர் வேகத்திலேயே முனகல் தொடங்கும்.

இரண்டாவது தெரிவு, அதே அளவில் இருபுறமும் ரப்பர் சீல் கொண்ட 2ஆர்எஸ். உள்ளே தன் கிறீஸை வைத்துக்கொள்ளும், அக்சில் ஒயிலை நம்பியிராது. சீல் உராய்வால் சூடாகும் என்ற பயம் தேவையில்லை. 80 கிலோமீற்றர் வேகத்தில் இந்தச் சில்லு நிமிடத்துக்கு 700 சுற்றுத்தான் சுற்றுகிறது, 6207-2ஆர்எஸ் அதைப்போலப் பல மடங்கைத் தாங்கும். நின்று நின்று ஓடும் காருக்கு எமது பரிந்துரை இதுவே. இரண்டு நிபந்தனை உண்டு. ஹப்பின் ஒயில் சீலையும் புதிதாகப் போட வேண்டும், ஏனெனில் பேரிங்கின் சீல் தூசி தடுக்கச் செய்யப்பட்டது, ஒயில் அழுத்தத்தை நெடுநாள் தாங்காது. அடுத்து, 2இசட் என்று குறியிட்ட இரும்புத் தட்டு வகையை இதற்குப் பதிலாக வாங்கக் கூடாது. அந்தத் தட்டு உள்வளையத்தைத் தொடாமல் நிற்பது. ஒயில் உள்ளே புகுந்து கிறீஸைக் கழுவிவிடும். ஒரு பக்கச் சீலை மட்டும் கழற்றி உட்புறமாகப் பூட்டுவோரும் உண்டு. கிறீஸும் டிபரென்சலின் ஹைபொயிட் ஒயிலும் கலந்து கூழாகிவிடுவதால் இரண்டின் குறையும் சேரும், ஒன்றின் நன்மையும் கிடைக்காது.

மூன்றாவது டேப்பர். 30207 உள், வெளி விட்டங்களில் 6207 போலவே 35, 72. அகலம் மட்டும் 18.25. அதனால்தான் கடையில் "கொஞ்சம் தட்டினால் போகும்" என்ற பேச்சு எழுகிறது. டேப்பர் பேரிங் பக்கத் தள்ளலை ஒரு திசையில் மட்டுமே தாங்கும், மறுதிசையில் பிரிந்துவிடும். அதனால் எதிர்த்துப் பார்க்கும் இன்னொரு டேப்பர் எங்காவது இருந்தே ஆக வேண்டும். முக்கால் மிதவை ஹப்பில் அது இல்லை. ஒரு வளைவில் ஹப் உட்புறம் தள்ளப்படும்போது சரியாகத் தாங்குவது, எதிர் வளைவில் வெளிப்புறம் இழுபடும்போது தளர்ந்துபோகும். ட்ரம் உரசும், தண்டின் விளிம்புத் திருகுகள் அறுபடும். இந்த மாற்றத்தை எந்தச் சூழலிலும் செய்யாதீர்கள்.

நான்காவதாக என்யூபி 207 என்ற நேர் ரோலர். அளவு அச்சொட்டாக 6207தான், இரு திசையிலும் ஓரளவு பக்கத் தள்ளலையும் தாங்கும். பட்டியலில் பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் நேர் ரோலர் சாய்வைப் பொறுக்காது, சில பாகை நிமிடம் (பாகையின் அறுபதில் ஒரு பங்கு ஒரு நிமிடம்) சாய்ந்தாலே ரோலரின் விளிம்பில் பாரம் குவிகிறது. அரை நூற்றாண்டு காலம் குழிகளில் விழுந்து எழும்பிய கூடு நேராக இருக்கும் என்று நம்ப ஆதாரமில்லை. போல் பேரிங் அந்தக் கோணலை மன்னித்துவிடும். இரட்டை வரிசைப் போல் பேரிங் 3207 பற்றியும் கேட்கிறார்கள். அதன் அகலம் 27 மில்லிமீற்றர், ஹப்பில் இடமில்லை.

முக்கால் மிதவையில் தேய்ந்த பேரிங்கைப் பொறுத்துக்கொண்டு ஓடுவதற்கு இன்னொரு விலையும் உண்டு. பேரிங்கில் ஆட்டம் வந்தால் சில்லின் சாய்வு முழுவதும் தண்டுக்குப் போகிறது. ஒவ்வொரு சுற்றிலும் தண்டு ஒருமுறை வளைந்து நிமிர்கிறது. மைனர் தண்டுகளின் முறிவுகள் எல்லாமே கிளட்ச்சைச் சடாரென விட்டதால் வந்தவை என்று சொல்ல முடியாது.

அரை மிதவை: போலா, டேப்பரா

இங்கே தெரிவு உங்கள் கையில் இல்லை, வடிவமைத்தவர் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார். ஜாகுவார் மார்க் 2இன் சோல்ஸ்பரி அக்சிலில் ஒவ்வொரு பக்கமும் ஒரு டேப்பர். ஒரு பக்கத்துத் தள்ளல் தண்டு வழியாக நடுவிலுள்ள கட்டையைத் தாண்டி எதிர்ப்பக்க டேப்பருக்குப் போய்ச் சேர்கிறது. இரண்டு பேரிங்கும் ஒரு சோடி. ஆட்டம் 0.006 முதல் 0.008 அங்குலம், அதாவது 0.15 முதல் 0.20 மில்லிமீற்றர் இருக்கும்படி ஷிம் (மெல்லிய உலோகத் தகடு) வைத்து டயல் கேஜால் அளக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாற்றினாலும் ஆட்டத்தை மீண்டும் அளப்பது கட்டாயம். ஷிம்மைக் கூட்டினால் ஆட்டம் கூடும், எடுத்தால் குறையும். ஆட்டமே இல்லாமல் இறுக்கியவர்களின் பேரிங் நெடுஞ்சாலையில் நீலம் பாரித்துப் போகும்.

ஆங்கிலியா, எஸ்கோர்ட் வகையில் போல் பேரிங் தண்டில் ஏறி, அதன் பின்னால் ஓர் இரும்பு வளையம் பிரெஸ்ஸில் ஏற்றப்பட்டிருக்கும். சில்லை வாகனத்தோடு பிடித்துவைத்திருப்பது அந்த வளையத்தின் பிடி மட்டுமே. அதை ஒருமுறைதான் பயன்படுத்தலாம். உளியால் வெட்டிக் கழற்றிய பிறகு அதே வளையத்தைப் பற்றவைத்துத் திருப்பிப் பூட்டும் கராஜ்களும் உண்டு, அந்த வெப்பத்தில் தண்டின் கடினத்தன்மை போய், வளையத்தின் ஓரத்திலேயே தண்டு முறியும். இந்த வகையில் தண்டு முறிந்தால் சில்லு தனியே போய்விடும். புதிய வளையம் கிடைக்காவிட்டால் வேலையை நிறுத்திவைப்பதே வழி. இறுக்கமாக ஏறும் உள்வளையம் சற்று விரிவதால், உள் இடைவெளி கூடிய சி3 வகையைக் கேட்டு வாங்குவதில் நியாயம் இருக்கிறது. 35 மில்லிமீற்றர் அளவில் சாதாரண வகையின் இடைவெளி 6 முதல் 20 மைக்ரோன், சி3இல் 15 முதல் 33. முக்கால் மிதவை ஹப்புக்கு சாதாரண வகையே போதும்.

மொடல் ஏயின் ரோலர்களும் முழு மிதவையும் சுருக்கமாக

மொடல் ஏயில் ரோலர்கள் நேராகக் கூட்டின் முனைமேலேயே உருளுகின்றன. பக்கத் தள்ளலை அவை தாங்குவதில்லை, தண்டு வழியாக டிபரென்சலின் டேப்பர்கள் தாங்கும். எனவே புதிய ரோலர் வாங்குமுன் கூட்டின் முனையை அளக்க வேண்டும். அடிப்பக்கத்தில் தட்டையாகத் தேய்ந்திருந்தால் எந்த ரோலரும் உதவாது, முனையைக் கடைந்து கடினமாக்கிய உறை ஏற்ற வேண்டும். முழு மிதவையில் இரண்டு டேப்பர்களும் எதிரெதிராக நிற்பதால் தெரிவுக் குழப்பம் இல்லை. ஹப்பைச் சுழற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, பிறகு தளர்த்தி, கைநூலில் சொன்ன ஆட்டத்தை வைத்தால் முடிந்தது.

அங்குலமும் மில்லிமீற்றரும்

பழைய பிரித்தானியக் கார்களில் இரண்டும் கலந்து வரும். 1 3/8 அங்குல உள்விட்டம் கொண்ட ஆர்எல்எஸ் 11 என்ற அங்குலப் பேரிங்கின் அளவு 34.925, 76.2, 17.46 மில்லிமீற்றர். உள்விட்டம் 35க்கு அவ்வளவு கிட்டவாக இருப்பதால் ஹப்பை மாற்றியமைத்து மெட்ரிக் பேரிங் போடும் யோசனை வரும். இருக்கையில் 0.075 மில்லிமீற்றர் தளர்வு எஞ்சும். அது வளையம் வழுக்கிச் சுழல்வதற்குத் தாராளம். பெட்டியில் வேறு எழுத்துகள் இருந்தால் பயப்பட வேண்டாம், தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் குறி மாறும்: ஆர்எச்பியின் எல்ஜே, ஹொஃப்மனின் எல்எஸ், எஸ்கேஎஃப்பின் ஆர்எல்எஸ் மூன்றும் ஒரே அங்குல இலேசு வரிசை. எம்ஜே, எம்எஸ், ஆர்எம்எஸ் என்பவை நடுத்தர வரிசை, ஒன்றுக்கு மற்றது சேராது. கடைக்குப் போகும்போது பழைய பேரிங்கோடு மைக்ரோமீற்றரில் அளந்த கூட்டின் விட்டத்தையும் ஹப்பின் விட்டத்தையும் எழுதிக்கொண்டு போங்கள். வேர்ணியரின் அளவு இதற்குப் போதாது.

ஆமர் வீதி, பஞ்சிகாவத்தைப் பக்கம் பழைய இருப்பு இங்கிலாந்துப் பேரிங் சில வேளை அகப்படும். எண்ணெய்த் தாளில் சுற்றிய திறந்த பேரிங் என்றால் மண்ணெண்ணெயில் கழுவி, இலேசான ஒயில் விட்டுச் சுழற்றிப் பாருங்கள், கரடுமுரடு இல்லையென்றால் தயங்காமல் வாங்கலாம். பழைய இருப்பில் சீல் உள்ளது வேண்டாம், உள்ளே கிறீஸ் சவர்க்காரமாகியிருக்கும், திறந்து பார்க்கவும் வழியில்லை. புதியவற்றில் போலி உண்டு. எண் வளையத்தின் உலோகத்தில் தெளிவாகப் பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். 6207இன் எடை ஏறத்தாழ 290 கிராம், நகைத்தராசில் வைத்துப் பார்ப்பதில் வெட்கம் வேண்டாம்.

பூட்டும்போது கெடுவது

பிஎம்சி ஹப்பில் ஒரு நுணுக்கம் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. பேரிங்கை ஹப்பில் அடிவரை அழுத்தியபின், காகித வொஷரையும் வைத்துப் பார்த்தால், பேரிங்கின் வெளி முகம் அல்லது அதன் இடைவளையம் வொஷருக்கு மேலே 0.001 முதல் 0.004 அங்குலம் நீட்டி நிற்க வேண்டும். தண்டின் விளிம்பை இறுக்கும்போது அந்த நீட்டல்தான் வெளிவளையத்தை அசையாமல் கவ்வுகிறது. தடித்த காட்போட்டில் வெட்டிய வொஷரைப் போட்டால் பேரிங் ஹப்பினுள் முன்னும் பின்னும் நகரும். ஒயில் கசிகிறதே என்று இன்னும் தடித்த வொஷர் போடுவோர் கசிவின் காரணத்தையே பெரிதாக்குகிறார்கள். நேர்த்தட்டும் ஃபீலர் கேஜும் இருந்தால் ஐந்து நிமிட வேலை இது.

ஹப்பைக் கொதிநீரில் சூடாக்கி, பேரிங்கை வெளிவளையத்தில் மட்டும் அழுத்தி இறக்குங்கள். உள்வளையத்தில் அழுத்தினால் குண்டுகள் பாதையில் பள்ளம் பதிக்கும், முனகல் முதல் நாளே தொடங்கும். தண்டில் ஏற்றுவதானால் முறை எதிர்மாறு: பேரிங்கையே ஒயிலில் சூடாக்கி உள்வளையத்தில் அழுத்த வேண்டும். திறந்த பேரிங்குக்கு 100 பாகை போதும். சீல் உள்ளதை ஒயிலில் போடக் கூடாது, உலர் சூட்டில் 80ஐத் தாண்டவும் கூடாது. கூட்டின் நட்டில் இடப்பக்கத்துக்கு இடப்புரி இருக்கக்கூடும். நீண்ட குழாயை மாட்டி மிதிக்குமுன் புரியின் சரிவைப் பாருங்கள்.

கூட்டின் இருக்கை 0.05 மில்லிமீற்றர் வரை தேய்ந்திருந்தால், சுத்தமாகத் துடைத்து பேரிங் பிடிக்கும் பசை போடலாம். அதற்கு மேல் என்றால் உலோகம் ஏற்றிக் கடைய வேண்டும். சென்டர் பஞ்சால் சுற்றிலும் புள்ளி குத்தி இறுக்குவது சில நூறு கிலோமீற்றருக்குத்தான் காணும், புள்ளிகள் நசுங்கியதும் பழைய ஆட்டம் திரும்பிவிடும்.

கடைசியாக, கூட்டின் மேலுள்ள சுவாசத் துளை. மழைக்காலத்தில் வெள்ளம் தேங்கிய வீதியில் சூடான அக்சில் இறங்கினால் உள்ளேயிருக்கும் காற்று சட்டெனச் சுருங்குகிறது. துளை சேற்றில் அடைபட்டிருந்தால் அந்தச் சுருக்கம் தண்ணீரை சீல் வழியாக உறிஞ்சும். காய்ந்த நாளில் அதே அடைப்பு ஒயிலை பிரேக்குக்குத் தள்ளும். சில்லின் பாதி வரை தண்ணீரில் போன கார் என்றால் ஒயில் பிளக்கைத் திறந்து பாருங்கள். பால் நிறமாக இருந்தால் ஒயிலை அன்றே மாற்ற வேண்டும், திறந்த பேரிங் பூட்டிய காரில் ஹப்பையும் கழுவ வேண்டும். ஒயிலை மட்டப் பிளக்குக்கு மேல் நிரப்பாதீர்கள். கார் மட்டமாக நிற்கும்போதுதான் அளக்க வேண்டும்.

பூட்டி முடித்து 20 கிலோமீற்றர் அளவு ஓடியதும், பிரேக்கைக் குறைவாகப் பிடித்து நிறுத்தி இரண்டு ட்ரம்மையும் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு சரி. ஒன்று மற்றதைவிடத் தெளிவாகச் சூடென்றால் ஆட்டம் போதாது அல்லது பிரேக் பிடிக்கிறது. சில்லை ஜக்கில் தூக்கிச் சுழற்றினால் இரண்டில் எது என்று தெரியும். முனை கூம்பிய தண்டில் நடு நட் உள்ள கார்களில் அந்த நட்டை மீண்டும் இறுக்குங்கள். பிளவு ஊசியின் துளை நேராக வரவில்லையென்றால் நட்டை முன்னோக்கி மட்டுமே திருப்ப வேண்டும், பின்னோக்கித் தளர்த்தினால் ஹப்பையும் தண்டையும் பிணைக்கும் சாவிக்கட்டை வெட்டுப்படும்.